அரைத்த மாவை அரைத்தால்

அக்காவுக்கு ஆலையில் அரைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதையேதான் செய்கிறாள் என்பது தம்பியின் கட்சி.

ஆலை என்றதும் நெல், கோதுமை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அரைபடுவது பிளாஸ்டிக். வெள்ளைக் குருணையாக மூட்டைகளில் வந்து இறங்கும், மாவாகப் போகும். மாவை வாங்கிப் போகிறவர்கள் அதை அச்சில் கொட்டி, சூடாக்கி, அழுத்தி, பல்சக்கரம், வளையம், குழாய் மூடி என்று என்னென்னவோ செய்துகொள்வார்கள். நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு எஃகு டிரம் படுத்திருக்கும். வயிறு நிறைய இரும்புக் குண்டுகள். டிரம் சுற்றச் சுற்ற குண்டுகள் மேலே ஏறி விழும். நடுவில் அகப்பட்ட குருணை நொறுங்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். வருஷக்கணக்காக அங்கே நின்றவள் அக்கா. வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். மாடி போர்ஷனில் தனியாக இருந்தான். சாப்பாட்டுக்குக் கீழே அக்கா வீட்டுக்கு வருவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி அவனுடைய பைக்கை இடித்தது. வலது கால் முட்டிக்கு மேலேயே போய்விட்டது. செயற்கைக் கால் வைத்துக்கொண்டான், நடக்கப் பழகினான், தடுக்கி விழுந்தான், மறுபடி பழகினான். அழுததை யாரும் பார்க்கவில்லை. காலைக் கழற்றுவதும் மாட்டுவதும் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

அன்றிலிருந்து அக்காவின் வாயில் ஒரே சொல். பார்த்து. பார்த்து ஏறு, பார்த்து இறங்கு, பார்த்து உட்காரு, தரை ஈரமா இருக்கு பார்த்து. முதலில் அவன், "சரிக்கா" என்றான். கொஞ்ச நாளில் அது "ம்" ஆனது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அரைச்ச மாவையே எத்தனை தடவைக்கா அரைப்ப? இனிமே அதுல அரைக்க ஒண்ணும் இல்ல."

மாமா, அதாவது அவளுடைய வீட்டுக்காரர், சிரித்து வைத்தார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "சொல்றவங்களுக்குத்தான் தெரியும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் அவன் மாடிப்படி இறங்கும்போது வாசலில் நின்றுகொண்டு "பார்த்து" என்றாள். திருந்துகிற ஜென்மமா?

அவனுடைய கம்பெனி அவனைக் கைவிடவில்லை. ஆனால் போன் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். "ஹலோ, எந்த மாடியில சார் நிக்குது? உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா?" நாள் முழுக்க இதே பேச்சு. கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு ரிசீவரைப் பிடிப்பது தண்டனை. மறுபடி வெளிவேலைக்குப் போக வேண்டுமானால் ஒரு பரீட்சை உண்டு என்றார்கள். டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி கீழே நின்று பார்ப்பார். தேறினால் ஸ்பேனர். தேறாவிட்டால் ஆயுசுக்கும் ரிசீவர். இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஏறி இறங்க அவனால் முடியும். அவனுடைய கவலை சத்தம். முட்டியில் ஒரு எஃகு பின் இருக்கிறது. அது திரும்புகிற இடத்தில் மோதிரம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம். புஷ் என்பார்கள். உடம்பின் எடை மொத்தமும் அந்த மோதிரத்தின் மேல்தான் வந்து உட்காரும். அது காலை மடக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. எண்ணெய் போட்டாலும் இரண்டு நாள்தான்.

"ஆபீசர் முன்னாடி படிக்குப் படி எலி மாதிரி கத்திக்கிட்டே இறங்கினா யாருக்கா நம்பிக்கை வரும்? இந்தச் சத்தம் மட்டும் போனா போதும்" என்றான்.

இரண்டு வருஷத்தில் அவன் வாய்விட்டுக் கேட்ட ஒரே உதவி அது. கேட்டது மாவு அரைக்கிறவளிடம். சும்மா இருப்பாளா?

சொரசொரப்பாக இருப்பதால்தான் புஷ் கத்துகிறது என்று தீர்மானித்தாள். மாவு நைசாக இருந்தால் வார்ப்பும் நைசாக வரும். அந்த ஆலையில் நல்ல மாவுக்கு இரண்டே சாட்சிகள்: சல்லடையும் கட்டைவிரலும். சல்லடையில் இறங்க வேண்டும், விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நெருடக் கூடாது. அவ்வளவுதான். உள்ளே வருகிற குருணையைச் சோதனை அறையில் ஒரு தடவை பார்ப்பார்கள். வெளியே போகிற மாவை யாரும் பார்ப்பதில்லை. அரைப்பது என்றால் சிறிதாக்குவது. உள்ளே போன சரக்குதானே வெளியே வருகிறது என்பது அங்கே எல்லோருடைய எண்ணமும். அவளுடையதும் அதுதான்.

ஆலைக்குத் தொடர்ந்து சில நாள் விடுமுறை வந்தது. மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, இருப்பதிலேயே உசத்தியான குருணையைக் கொஞ்சம் சின்ன டிரம்மில் போட்டாள். சல்லடையில் இறங்கிய பிறகும் நிறுத்தவில்லை. மறுபடி அரைத்தாள். அதற்கப்புறமும் அரைத்தாள். விடுமுறை முடிந்து திறந்தபோது மாவு முகப்பவுடர் மாதிரி கையில் வழுக்கியது. தன் தொழிலில் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மாவு பார்த்ததில்லை என்று பூரித்துப்போனாள்.

செயற்கைக் கால் செய்கிற மாஸ்டர் அதை அச்சில் அழுத்தி, கடைசல் பிடித்து, புஷ் ஆக்கி முட்டியில் மாட்டிக் கொடுத்தார். சத்தம் போயே போய்விட்டது. அன்று சாயங்காலம் தம்பி அடுக்களைக்குள் பூனை மாதிரி வந்து மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று "ஹலோ, லிஃப்ட் நின்னுடுச்சா சார்?" என்றான். மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்புவதுபோலத் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரீட்சை அடுத்த வாரம்.

பரீட்சை அன்று காலையில் அவள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சோதனை அறைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். அவருக்கு ஆலையில் சந்தேகம் என்று பெயர். காபியில் சர்க்கரை போட்டதைக் கண்ணால் பார்த்தாலும் கலக்கி, ருசித்து, பிறகுதான் நம்புவார். அவர் கையில் அக்கா மிச்சம் வைத்திருந்த மாவு டப்பா. மேல்மூடியில் அவளே எழுதியிருந்தாள்: தம்பி.

"இது என்ன சரக்கும்மா? தம்பின்னு ஒரு கிரேடு நம்மகிட்ட இல்லையே."

"நான் விசேஷமா அரைச்சது சார். மேலாளர்கிட்ட காட்டலாம்னு வச்சிருந்தேன். தொட்டுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"தொட்டுப் பார்த்தேன். சந்தேகமா இருந்துச்சு. உருக்கியும் பார்த்தேன். உள்ள வாங்க."

சோதனை அறையில் ஒரு குட்டி எந்திரம். சூடான குழலுக்குள் பிளாஸ்டிக்கைப் போட்டு மேலே எடையை வைத்தால், அடியிலுள்ள சின்ன ஓட்டை வழியாக உருகி வரும். எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு வலு. அவர் முதலில் அரைக்காத குருணையைப் போட்டார். எடையை வைத்தார். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை; கடைசியில் மனமில்லாமல் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. பிறகு அதே குருணையிலிருந்து அவள் அரைத்த மாவைப் போட்டார். எடை வைத்த கையை எடுக்கும் முன்பே அது ஒழுகத் தொடங்கியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டும் ஒரே மூட்டைதான் சார்."

"மூட்டை ஒண்ணுதான். உள்ள இருக்கறது வேற ஆயிடுச்சு. பிளாஸ்டிக்னா என்னம்மா? கண்ணுக்குத் தெரியாத நூல். ரொம்ப ரொம்ப நீளமான நூல், ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்குது. சின்னப் பொண்ணுங்களுக்குத் தலை வாரி விட்டிருக்கீங்க இல்ல? நீள முடியில சிக்கு விழுந்தா சீப்பு நகராது. அந்தச் சிக்குதான் இதோட பலமே. அதையே கிராப் வெட்டி விட்டுட்டா? சீப்பு அது பாட்டுக்குப் போகும்."

"நான் வெட்டலையே சார். அரைச்சேன்."

"முதல்ல குருணைதான் உடையும். அப்புறம் துகள் உடையும். அதுக்கு மேல உடையறதுக்குத் துகள்ல ஒண்ணும் மிச்சமில்ல, குண்டு மட்டும் விழுந்துக்கிட்டே இருக்கு. அந்த அடி எங்க போகும்? நூல் மேலதான். இழுத்து, நடுவுல அறுத்துடும். அறுந்த முனை காத்தைப் பிடிச்சுக்கும், திரும்ப ஒட்டாது. சல்லடைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நமக்கும் இத்தனை நாள் தெரியல. வெளிய போற மாவை ஒரு தடவையாவது உருக்கிப் பார்த்திருக்கணும். நானும்தான் பார்க்கல."

குருணையில் ஒன்றும் அவள் மாவில் ஒன்றுமாக முந்தின நாளே அழுத்தி வைத்திருந்த இரண்டு பட்டைகளை அவளிடம் நீட்டினார். முதல் பட்டையை அக்கா வளைத்தாள். வளைந்தது, வெளுத்தது, நீண்டது, உடைய மறுத்தது. இரண்டாவதை வளைக்கத்தான் ஆரம்பித்தாள். டக்.

அவள் கையில் இருந்த இரண்டு துண்டும் தம்பியின் முட்டியிலிருந்த மோதிரத்தைவிடத் தடிமனானவை.

போனை எடுத்தாள். மணியடித்தது. தம்பி எடுத்தான், பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். பதற்றத்தில் நாக்கு எந்தத் தடத்தில் ஓடிப் பழகியதோ அந்தத் தடத்திலேயே ஓடிற்று.

"டேய், பார்த்துடா, படியில இறங்கும்போது..."

"அக்கா, பார்த்துத்தான் இறங்குவேன். இன்னிக்காவது விட்டுடு. போனை லாக்கர்ல வைக்கச் சொல்றாங்க." வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா போனையே வெறித்துப் பார்த்தாள். புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தியவளுக்கு, நிஜமாகவே புலி வந்த அன்றைக்குக் கத்த ஒரு சொல் மிச்சமில்லை. இருந்த ஒரு சொல்லையும் அவளே அரைத்து அரைத்துப் பொடியாக்கி வைத்திருந்தாள்.

சந்தேகம் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நல்ல மனிதர், ஆனால் வண்டி ஓட்டுவதிலும் அவர் சந்தேகம்தான். பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்ப்பார். "சார், போங்க சார்" என்று அக்கா பின்னாலிருந்து கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது. வழியெல்லாம் அவள் கண்ணில் அந்த மோதிரம்தான். ஏறும்போது நல்ல கால் முன்னால் போகும், சமாளித்துவிடலாம். இறங்கும்போது முட்டி மடங்கும். ஆளும் பையும் சேர்ந்து முழு எடையும் அதன்மேல் இறங்கும்.

லிஃப்ட் கம்பெனியின் பயிற்சிக்கூடம் நகரத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டடம். வாசல்காரர் ஏதோ கேட்பதற்குள் அக்கா உள்ளே இருந்தாள். நடுவில் கிணறு விட்டுச் சுற்றிச் சுற்றி ஏறும் சிமெண்ட் படிக்கட்டு. கீழே பாதுகாப்பு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தார். மூன்றாம் மாடியில், தோளில் பையோடு, இறங்குவதற்காகத் திரும்பி நிற்பவன் தம்பி. சத்தமே இல்லாமல் ஏறியிருக்கிறான். முகம் முழுக்கச் சிரிப்பு.

அக்காவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு சுருங்கியது. இங்கேயும் வந்துவிட்டாளா என்ற பார்வை. அவள் உதட்டுக்கு 'பார்' வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அவளிடமிருந்து அவன் ஒருநாளும் கேட்டிராத குரலில், கத்தாமல் சொன்னாள்.

"நான் அரைச்சது தப்புடா. புஷ் தாங்காது. உட்காரு."

தம்பி அவளையே பார்த்தான். தொழிலில் தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டு அவன் கேட்டதே கிடையாது. சல்லடையே பொய் சொன்னாலும் அக்கா சொல்லமாட்டாள் என்பது வீட்டில் நிலைத்துப்போன கேலி. அவன் மெதுவாகப் பையை இறக்கி வைத்து, படியில் உட்கார்ந்தான்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் அதிகாரி.

"முட்டியில ஒரு பார்ட் மாத்தணும் சார்" என்றான் மேலிருந்து.

"பரீட்சை நடுவுலயா ரிப்பேர்?"

"லிஃப்ட் பாதியில நின்னா நாங்க பாதியிலதான் சார் ரிப்பேர் பண்றோம்."

அதிகாரி மீசையைத் தடவினார். அது மறுக்க முடியாத பதில். "கீழ வராம, அங்கேயே பண்ணணும்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா மூன்று மாடியும் ஓடி ஏறினாள். அவன் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டியிருந்தான். சாத்திக்கொள்ள அங்கே கதவு இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள்.

"அங்க என்ன பார்க்கற? இதைப் பிடி" என்று பின்னைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். பின் இருந்த துளையிலிருந்து புஷ்ஷைக் கட்டைவிரலால் தள்ளினான். அது முழுசாக வரவில்லை. இரண்டு பிறைகளாக அவன் உள்ளங்கையில் விழுந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். படிக்கட்டின் நடுக்கிணறு கீழே ஆழமாகத் தெரிந்தது. என் கையாலேயே தம்பியைக் கொல்லப் பார்த்தேனே என்று அக்கா அந்தப் பிறைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"நைசா இருக்கட்டும்னுதான்டா..."

"தெரியும்க்கா."

"சத்தம் போகணும்னு கேட்டியே."

"போயிடுச்சே. எல்லாமே போயிருக்கும், அது வேற விஷயம்."

அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அவன் டூல் பையின் பக்கவாட்டு அறையைத் துழாவி, துணியில் சுற்றிய எதையோ எடுத்தான். பழைய புஷ். புதுசு நன்றாக ஓடி நாள் ஆகும்வரை எந்த மெக்கானிக்கும் பழசைத் தூக்கிப் போடுவதில்லை. அதை உள்ளே வைத்து அழுத்தினான். அக்கா பின்னை நீட்டினாள். அவன் அதைச் செருகி, முடுக்கி, காலை மடக்கிப் பார்த்தான். கீச். அந்தச் சத்தம் அவளுக்கு இத்தனை இனிமையாகக் கேட்டதே இல்லை.

"படியில அவர் மட்டும்தான் இருக்கணும்மா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அக்கா இறங்கி வந்து அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றாள். சந்தேகம் வாசல் பக்கம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

தம்பி எழுந்தான். பையைத் தோளில் போட்டான். முதல் படியின் விளிம்பில் வந்து நின்றான். இறங்கவில்லை.

அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். இனிமேல் அந்தச் சொல்லை எடுப்பதில்லை என்று படியிறங்கும்போதே முடிவு கட்டியிருந்தாள். போதும், அரைத்தது போதும்.

அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அதிகாரி அண்ணாந்து, "என்னப்பா, பயமா இருக்கா?" என்றார்.

"இல்ல சார்." அவன் அக்காவைப் பார்த்தான். "என்னக்கா, ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல?"

"எப்பவும் சொல்றதுதான். ஒரே ஒரு தடவை சொல்லு."

ஆலைக் குரல் வரவில்லை; வந்தது சின்னக் குரல். ஆனால் மூன்று மாடிக்கும் அது கேட்டது.

"பார்த்து இறங்குடா."

"சரிக்கா" என்றான் தம்பி. கைப்பிடியைத் தொடாமல், படிக்குப் படி கீச்சிட்டுக்கொண்டு, இறங்கி வந்தான்.